எரிய வேண்டிய விளக்கு

விளக்கு எரியவில்லை.

ஆக்னஸ் பெல்ட்டைக் கழற்றினாள். டேஷ்போர்டில், மார்பில் குறுக்குக் கோடு போட்ட அந்தச் சின்னச் சிவப்பு மனிதன் எரிந்தான். டிங் டிங் என்று சத்தம் வந்தது. பெல்ட்டின் நாக்கைப் பக்கிளுக்குள் அழுத்தினாள். க்ளிக். சிவப்பு மனிதன் அணைந்தான். மறுபடி கழற்றினாள், எரிந்தான். மாட்டினாள், அணைந்தான். இவ்வளவு ஒழுங்கான விளக்கை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

மற்றவர்களுக்கு இந்த விளக்கு எரிந்தால் தொல்லை. அவளுக்கு எரியாததுதான் தொல்லை. பெல்ட் போட்டிருக்கும்போதே ஒரே ஒரு முறை எரிந்து காட்டினால் போதும். கழுத்துக்கு வந்த கத்தி விலகிவிடும்.

ஐதராபாத் கச்சிபௌலியில் ஒரு மென்பொருள் கம்பெனி. அதிகாலை ஷிப்டுக்கு வரும் பெண்களை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் விடுவது ஆக்னஸின் வேலை. வண்டி கம்பெனியுடையது. டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கருவி இருந்தது. ஓட்டுநர் பெல்ட் போட்டிருக்கிறாரா இல்லையா என்பதை அது உடனுக்குடன் அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 'ஓட்டுநர் பெல்ட் அணியவில்லை' என்று அது மூன்று முறை சொல்லிவிட்டது. மூன்றாவது முறையோடு அவளுடைய ஓட்டுநர் ஐடியைப் பூட்டிவிட்டார்கள். இன்று மாலை ஐந்து மணிக்கு வண்டியோடு போய் நிற்க வேண்டும். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் சாவியை வாங்கிக்கொள்வார்கள். அதோடு முடியாது. ஒரு கம்பெனி பாதுகாப்புக் காரணத்துக்காக நீக்கிய ஓட்டுநரை ஊரில் வேறு எந்தக் கம்பெனியும் தொடாது.

அந்த மூன்று நாளும் அவள் பெல்ட் போட்டிருந்தாள்.

போட்டிருந்தும் விளக்கு எரிந்தது, சத்தம் வந்தது. நாக்கைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். அடங்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் தானாக அடங்கியது. அப்போதே யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பள்ளிக்கூடத்திலும் அவள் அப்படித்தான். விடை தெரியும், கை தூக்க மாட்டாள்.

வீடியோவில் நடந்த முதல் விசாரணையில் திரைக்குள் மூன்று முகங்கள் இருந்தன. பெல்ட் போட்டீர்களா என்று கேட்டார்கள். போட்டேன் சார் என்றாள். அப்படியானால் கருவி பொய் சொல்கிறதா என்றார் ஒருவர். பின் சீட்டில் இருந்த பெண்ணும் அலாரம் அடித்ததைக் கேட்டதாகச் சொல்கிறாரே என்றார் இன்னொருவர். ஆக்னஸ் தரையைப் பார்த்தாள். ஆமாம், அடித்தது. அதை எப்படி விளக்குவது என்று யோசித்து முடிப்பதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. அவளுடைய மௌனத்தை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள். சர்வீஸ் சென்டர்காரர்கள் வண்டியைப் பார்த்துவிட்டு, குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"இன்னாடி, காலங்காத்தால அதையே நோண்டிக்கினு கீறே?" அன்னம்மாள் ஜன்னலருகே வந்து நின்றாள். ஆக்னஸின் அம்மா. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த அப்பா இறந்த பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மல்காஜ்கிரியில் இந்த ஓரறை வீட்டுக்கு அம்மாவும் மகளும் வந்து சேர்ந்திருந்தார்கள். சம்பாதிப்பது ஆக்னஸ் ஒருத்திதான்.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒரு பொட்டு தீர்த்தம் தொட்டுக்கினு போ."

கதவுப் பையில் மாதா உருவத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. நீல மூடிதான் மாதாவின் கிரீடம். கோயிலிலிருந்து கொண்டு வரும் தீர்த்தத்தை அன்னம்மாள் அதில் நிரப்பி வைப்பாள்.

"இன்னிக்கு டூட்டி இல்லம்மா. விசாரணைக்குப் போறேன்."

"அதுக்குத்தாண்டி முக்கியமா வேணும்!"

"நக்கோம்மா, வேணாம்."

"கைக்கு நக்கோ? ஏண்டி வேணாம்? மாதா உன்னை என்ன பண்ணா?"

ஆக்னஸ் பாட்டிலிலிருந்து கண்ணை எடுத்தாள். ஐடி பூட்டிய நாளிலிருந்தே அவள் அந்தப் பாட்டிலைத் தொடவில்லை. யார் மேல் கோபம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. சாவியைத் திருப்பினாள். ஐடி பூட்டியிருந்தால் பயணிகளை ஏற்ற முடியாது, அவ்வளவுதான். வண்டி ஓடும்.

* * *

ஜெகதீஸ்வரனின் கடை மல்காஜ்கிரி ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் இருந்தது. கார் ஒயரிங் வேலை. தகரக் கூரைக்குக் கீழே ஒரு வண்டி மட்டும் நிற்கலாம். அவரும் ரயில்வே காலனியில் வளர்ந்தவர். அவளை ஃபிராக் போட்ட காலத்திலிருந்து தெரியும்.

"என்னம்மா பிசிக்ஸு, உனக்கே மீட்டர் புடிக்கத் தெரியுமே, கைக்கு என்னைத் தேடி வந்தே?"

"புடிச்சுப் பாத்துட்டேன் அண்ணா. எல்லாம் சரியா இருக்கு."

"சரியா இருந்தா சந்தோஷப்படணும். நீ அழுவுற மாதிரி நிக்கிறே."

அவள் சொன்னாள். துண்டு துண்டாகத்தான் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றினார். சீட்டுக்கடியில் போகும் கம்பிகளோடு ஏர்பேக்கின் கம்பியும் போகிறது, அவசரப்பட்டுக் கை வைத்தால் வம்பு. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு இருவரும் குனிந்தார்கள்.

கோளாறு எந்த இனம் என்பது வரை ஆக்னஸுக்குத் தெரிந்திருந்தது. பக்கிளுக்குள் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. நாக்கு வெளியே இருக்கும்போது அதன் இரண்டு முனைகளும் ஒட்டியிருக்கும். மின்சாரம் ஓடும், விளக்கு எரியும். நாக்கு உள்ளே போனதும் முனைகள் பிரியும், விளக்கு அணையும். மாட்டியிருக்கும்போதும் எரிந்ததென்றால், பிரிந்த முனைகளைத் தாண்டி மின்சாரம் குறுக்கு வழியில் போயிருக்கிறது. எந்த வழியில்? அதுதான் தெரியவில்லை.

சீட்டுக்கடியில் கனெக்டரைப் பிரித்தார்கள். பளபளவென்று சுத்தமாக இருந்தது. கல்லூரியில் பிசிக்ஸ் படித்தபோது வாங்கிய தன் மல்டிமீட்டரை ஆக்னஸ் வைத்துப் பார்த்தாள். நாக்கு வெளியே: தடையே இல்லை. நாக்கு உள்ளே: எல்லையில்லாத தடை. பாடப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி.

"சீட் கவர் நசுக்குதோ என்னமோ" என்று ஜெகதீஸ்வரன் கவரை உருவினார். நசுங்கவில்லை. சீட்டை முன்னும் பின்னும் தள்ளினார். கம்பியை அங்குலம் அங்குலமாக வளைத்து, அசைத்து, இழுத்தார். ஆக்னஸ் மீட்டரின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசையவில்லை. உச்சி வெயிலில் தகரக் கூரை கொதித்தது. அவர் பேட்டரியைப் பூட்டி இக்னிஷனைப் போட்டார். சிவப்பு மனிதன் அவள் சொன்னபடியெல்லாம் கேட்டான்.

"மழையில வந்த கோளாறா?" என்றார் ஜெகதீஸ்வரன்.

"மூணு நாளும் மழைதான் அண்ணா. ஆனா ஜன்னல மூடியிருந்தேன். உள்ள ஒரு சொட்டு வரல."

"ரூஃப்ல ஒழுகுதா?"

"இல்ல."

அவர் பீடியைப் பற்றவைத்து, வண்டியைவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன் கேளு. பக்கிளுக்குள்ளயே ரெண்டு முனையையும் ஒரு சின்னக் கம்பியால ஒட்ட வச்சிடறேன். நீ பெல்ட் போட்டாலும் எரியும். அவங்க முன்னாடி காட்டு. பாத்தீங்களா சார், கோளாறுன்னு சொல்லு. யாருக்கும் தெரியாது."

"அது பொய் அண்ணா."

"நீ பெல்ட் போட்டது பொய்யா?"

"இல்ல."

"அப்ப என்ன? நெசத்தைச் சொல்ல ஒரு சின்னப் பொய். பாவம் என் கணக்குல போவட்டும்."

ஆக்னஸ் ஸ்டியரிங்கைப் பார்த்தாள். மூன்று வருடம் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்தாள். பிள்ளைகளின் முன் வாய் திறக்க முடியாமல் அந்த வேலையை விட்டாள். இந்த ஒரு வேலையில்தான் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. எல்லோரும் முதுகுக்குப் பின்னால். பேசாமல் இருந்தால் 'நல்ல டிரைவர், தொணதொணக்க மாட்டாங்க' என்பார்கள். அவளுடைய கூச்சத்தைக் குணம் என்று சொன்ன ஒரே இடம் இந்தச் சீட்டுதான். இதுவும் போனால்?

"பண்ணுங்க அண்ணா" என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

அவர் பீடியை நசுக்கிவிட்டு வந்து, மெல்லிய ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துப் பக்கிளின் மேல்மூடியை நெம்பினார். டக்கென்று வந்தது. உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றார்.

"அடியே, வண்டியை மெரினாவுல முக்கி எடுத்தியா?"

உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. ஸ்விட்ச் முனைகள் இருந்த இடத்தில் பச்சை. காய்ந்த, பொருபொருவென்ற ஏடு ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பாலம் போலப் படர்ந்திருந்தது. அவர் மூடியை உள்ளங்கையில் தட்டினார். வெள்ளைத் தூள் கொட்டியது.

ஆக்னஸ் அதிலிருந்து ஒரு துகளை விரல் நுனியில் எடுத்தாள். நாக்கில் வைத்தாள்.

உப்பு.

அந்த ருசி அவளுக்குத் தெரியும். நெற்றியில் சிலுவை போடும்போது ஒரு சொட்டு வழிந்து மூக்கோரமாக உதட்டுக்கு வருமே, அதே ருசி. கோயிலில் தீர்த்தம் மந்திரிக்கும்போது ஃபாதர் உப்பைக் கலப்பார். வீட்டுக்கு வந்ததும் அன்னம்மாள், பிசாசுக்கு இன்னும் பயம் வரட்டும் என்று, மந்திரித்த உப்பில் இன்னொரு சிட்டிகை தன் பங்குக்குப் போடுவாள்.

மழைக்காலத் தொடக்கத்தில் அவுட்டர் ரிங் ரோட்டில் சாந்தாவின் வண்டி லாரியில் மோதிக் கவிழ்ந்தது. சாந்தா அவளோடு வேலை பார்க்கும் ஓட்டுநர். பின்னால் வந்த ஆக்னஸ்தான் முதலில் ஓடினாள். தலைகீழாகக் கிடந்த வண்டிக்குள் சாந்தா பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தாள். உடம்பில் ஒரு எலும்பு முறியவில்லை. மறுநாளிலிருந்து ஆக்னஸ் வண்டியை எடுக்கும் முன் மாதா பாட்டிலில் விரலை நனைப்பாள். நெற்றியில் ஒரு சிலுவை, ஸ்டியரிங்கில் ஒன்று, பெல்ட்டை மாட்டிவிட்டுப் பக்கிளில் ஒன்று. பக்கிளில் மட்டும் விரல் சொட்டச் சொட்டப் போடுவாள். மழை பெய்கிற நாளில் பயம் அதிகம். அன்றைக்கு இரண்டு மூன்று முறை போடுவாள்.

தண்ணீர் உலர்ந்தது. உப்பு தங்கியது. ஈரம் பட்டதும் உப்பு மின்சாரத்துக்கு வழிவிட்டது. கொஞ்ச தூரம் போய் ஏசிக் காற்றில் உலர்ந்ததும் வழியை அடைத்துக்கொண்டது. கோபத்தில் பாட்டிலைத் தொடாமல் விட்ட நாளிலிருந்து கோளாறும் வரவில்லை. கோளாறு வந்த மூன்று நாளும் அவள் மிகவும் பயந்து, மிகவும் வேண்டிக்கொண்ட நாட்கள்.

இதெல்லாம் அவள் மனத்தில் ஓடி முடிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஹிஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது.

"அண்ணா, நக்கோ!"

ஜெகதீஸ்வரன் ஸ்பிரே டப்பாவோடு திரும்பிப் பார்த்தார். இன்னொரு கையில் பிரஷ். துருவைக் கண்டால் துடைக்கிற கை அது. முப்பது வருடப் பழக்கம். முனைகள் புதுச் செம்பாக மின்னின. வெள்ளையும் பச்சையும் கரைந்து தரையில் ஒழுகின.

"என்னம்மா? அதான் கோளாறு. போயே போச்சு!"

ஆக்னஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்த வேண்டும் போலிருந்தது. கத்திப் பழக்கமில்லை. முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளிடம் இருந்த ஒரே சாட்சி எண்ணெய்த் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் விஷயத்தைச் சொன்னதும் அவர் பிரஷைக் கீழே போட்டார். தலையில் அடித்துக்கொண்டார். "பாவி நான். பாவி." கொஞ்சம் கழித்து, ஒரு துண்டுக் கம்பியை எடுத்து நீட்டினார். "இப்ப ஒட்டிடவா? எரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன் சரி என்று சொன்ன அதே கம்பி.

"நக்கோ அண்ணா. நெசமான காரணம் கிடைச்சிடுச்சு. அதையே காட்டறேன்."

"எதைக் காட்டுவே? நான்தான் தொடச்சிட்டேனே!"

ஆக்னஸ் கதவுப் பையைப் பார்த்தாள். மாதா பாட்டில் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

* * *

கம்பெனியின் அடித்தள பார்க்கிங்கில் முரளி காத்திருந்தார். போக்குவரத்துப் பொறுப்பாளர். கோயம்புத்தூர்க்காரர், ஐதராபாத் வந்து இரண்டு வருடம் ஆகிறது. தமிழ் பேசுகிற ஓட்டுநர் என்பதால் அவளிடம் ஒரு தனி மரியாதை வைத்திருந்தார். அதனாலேயே அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வாங்க மேடம். மேல போறதுக்கு முன்னாடி நானே ஒருக்கா கேட்டுக்கறேனுங்க. ஏதாச்சும் சொல்றதுக்கு இருக்குதுங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த வாக்கியம் காணாமல் போயிருந்தது.

"எனக்கும் சங்கடமாத்தான் இருக்குதுங்க. ஆனா கருவி சொல்லுது, சர்வீஸ் சென்டரும் குறையில்லைங்குது. நான் என்னங்க பண்ணட்டும்? சாவியக் குடுத்துருங்க."

அவர் கையை நீட்டினார். அந்த உள்ளங்கையைப் பார்த்தபடி ஆக்னஸ் சொன்னாள்: "சார், நீங்க உக்காருங்க."

"எங்கீங்க?"

"டிரைவர் சீட்ல."

ஏன் என்று கேட்காமல் உட்கார்ந்தார். அதற்கே அவளுக்குக் கண் கலங்கியது. பெல்ட் போடச் சொன்னாள். போட்டார். சாவியைத் திருப்பச் சொன்னாள். விளக்கு வந்து, அணைந்தது. எல்லாம் ஒழுங்கு.

அவள் மாதா பாட்டிலை எடுத்துக்கொண்டு, இடப்பக்கக் கதவைத் திறந்து சாய்ந்து, கிரீட மூடியைத் திருகினாள். விரலை நனைத்துப் பக்கிளின் மேல் சிலுவை போட்டாள். தினமும் போடுவது போலவே.

ஒன்றும் நடக்கவில்லை.

"என்னங்க இது?"

"தீர்த்தம் சார். தினம் போடுவேன். அதுல உப்பு இருக்கு." மறுபடி போட்டாள். விரல் சொட்டச் சொட்ட. விளக்கு எரியவில்லை. மூன்றாம் முறை. எரியவில்லை. ஜெகதீஸ்வரன் அவ்வளவு நன்றாகத் துடைத்திருந்தார். மாதக்கணக்கில் சேர்ந்த உப்பு செய்ததை ஒரு விரல் ஈரம் செய்யுமா? எடுத்தவுடன் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது.

முரளி பெருமூச்சுவிட்டார். "மேடம், சாமி காரியத்துல நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. ஆனா..." பக்கிளைக் கழற்றக் கை வைத்தார்.

"கழட்டாதீங்க!"

அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது. அடித்தளம் முழுக்க எதிரொலித்தது. தூரத்தில் ஒரு காவலாளி திரும்பிப் பார்த்தான். ஆக்னஸ் பாட்டிலைப் பார்த்தாள். இதை நிரப்பும்போது அம்மா ஒரு சொட்டுகூடக் கீழே விழவிட மாட்டாள். விழுந்தால் துணியால் ஒற்றி, அந்தத் துணியைச் செடிக்கடியில் பிழிவாள். மன்னிச்சுக்கோ என்று யாரிடமோ சொல்லிவிட்டு ஆக்னஸ் பாட்டிலைக் கவிழ்த்தாள். நாக்கு நுழைகிற சந்துக்குள் நேராக.

"ஏனுங்க! ஏனுங்க, கம்பெனி வண்டிங்க!" முரளி நெளிந்தார். பெல்ட் அவரை விடவில்லை. தண்ணீர் களக் களக்கென்று உள்ளே இறங்கியது. அவருடைய கால்சட்டையெல்லாம் நனைந்தது.

டிங்.

டிங். டிங். டிங்.

டேஷ்போர்டில் சிவப்பு மனிதன் எரிந்தான்.

முரளி விளக்கைப் பார்த்தார். குனிந்து தன் மார்பில் குறுக்கே ஓடிய பெல்ட்டைப் பார்த்தார். அதை இழுத்துப் பார்த்தார், இறுக்கமாக இருந்தது. சட்டைப்பையில் அவருடைய போன் அதிர்ந்தது. எடுத்து மெதுவாகப் படித்தார். "ஓட்டுநர் பெல்ட் அணியவில்லை." பிறகு, யாரையோ கேட்பது போல, "நானுங்களா?" என்றார்.

ஆக்னஸ் அழுதுகொண்டிருந்தாள். அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சாந்தா தொங்கியது, சிலுவை, மழை, உப்பு, ஸ்பிரே. இவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசியதில்லை. கம்பியை ஒட்ட வைக்கச் சரி என்று சொன்னதையும் சேர்த்தே சொன்னாள்.

"எனக்கு நம்பிக்கை வந்துருச்சுங்க" என்றார் முரளி. "ஆனா நான் நம்பறது பத்தாதுங்க. மேல இருக்கறவங்க, நம்மாளு நம்மாளுக்காகப் பேசறான்னு சொல்லீருவாங்க. குறையில்லைன்னு எழுதிக் குடுத்த சர்வீஸ் சென்டர் கண்ணால பாத்து, குறை இருக்குதுன்னு எழுதணும். எழுதிட்டா இன்னைக்கே ஐடியைத் தெறந்துருவேன். தண்ணி ஊத்துனதுக்குத் திட்டு வாங்குவீங்க. அது வேறங்க. திட்டு வாங்கிட்டு நாளைக்கு வண்டி ஓட்டலாம்."

"சர்வீஸ் சென்டர் கொண்டாப்பூர்ல சார்."

"ஆமாங்க. ஆறு மணிக்கு மூடீருவாங்க. அதுவரைக்கும் இது எரியுமுங்களா?"

ஆக்னஸ் பாட்டிலைக் குலுக்கினாள். காலி. "ஈரம் காயற வரைக்கும் எரியும் சார்."

* * *

ஏசியைப் போடவில்லை. ஏசி காற்றைக் காய வைக்கும். நான்கு ஜன்னலையும் ஏற்றினாள். காற்று பட்டாலும் காயும். ஓட்டுநர் சீட்டில் அவள், இடப்பக்கம் முரளி. இருவரும் பெல்ட் போட்டிருந்தார்கள். நெரிசலில் வண்டி ஊர்ந்தது. வெளியே மழை வருவது போல இருட்டிக்கொண்டு வந்தது, வரவில்லை. உள்ளே ஆவி பிடிப்பது போலிருந்தது.

"நம்ம ரெண்டு பேரும் இட்லியா வெந்துருவோமுங்க" என்றார் முரளி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. போன் அதிர்ந்தது. "இதோ இன்னொண்ணு. 'ஓட்டுநர் பெல்ட் அணியவில்லை.' அணிஞ்சிருக்காங்கடா சாமி, பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தான இருக்கறேன்."

ஆக்னஸ் சிரிக்கவில்லை. சாலையை ஒரு கண்ணால், விளக்கை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அலாரம் கொஞ்ச நேரத்தில் தானே ஓய்ந்துவிட்டது. விளக்கு மட்டும் எரிந்தது.

கொத்தகுடா சிக்னலில் அது ஒருமுறை சிமிட்டியது.

சிவப்பு மனிதன் அணைந்து, எரிந்து, அணைந்தான். முரளியும் பார்த்துவிட்டார். காலடியிலிருந்த குடிதண்ணீர் பாட்டிலை எடுத்தார். "இத ஊத்தலாமுங்களா?"

"நக்கோ சார். அது உப்பைக் கழுவிட்டுப் போயிடும்."

"அப்ப என்னங்க பண்றது?"

செய்ய ஒன்றுமில்லை. ஆக்னஸ் இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துப் பக்கிளின் மேல் வைத்து மூடினாள். காற்று படாமல், ஈரம் போகாமல். சின்னப் பறவையைப் பொத்திப் பிடிப்பது போல. காயாதே, என்றாள் மனத்துக்குள். கொஞ்சம் பொறு. காயாதே. இத்தனை நாள் இந்தப் பக்கிளில் கைவைத்து அவள் கேட்டது, ஒன்றும் ஆகக் கூடாது என்று. இன்று கேட்டது வேறு.

சிவப்பு மனிதன் எரிந்தான். மங்கலாகவா, முழுதாகவா என்றெல்லாம் அந்த விளக்குக்குக் கிடையாது. எரியும், அல்லது எரியாது. எரிந்தான்.

பச்சை விழுந்தது. ஒரு கையாலேயே ஸ்டியரிங்கைத் திருப்பினாள். கியர் மாற்ற வேண்டிய போதெல்லாம் முரளியைப் பொத்தச் சொன்னாள். அவர் குனிந்து, பெல்ட் கழுத்தை அறுக்க, இரண்டு கையாலும் பொத்தினார். "எங்கூட்ல இதப் பாத்தாங்கன்னா என்ன நெனப்பாங்களோ" என்று முனகினார். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஆக்னஸுக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

சர்வீஸ் சென்டர் வாசலில் காவலாளி ஒரு பக்கக் கதவை ஏற்கெனவே சாத்தியிருந்தான். முரளி ஜன்னலை இறக்காமலேயே கையை ஆட்டி, கண்ணாடியைத் தட்டி, கும்பிட்டு, ஏதேதோ செய்தார். கதவு திறந்தது. வண்டி உள்ளே போய் நின்றது. இன்ஜினை ஆக்னஸ் அணைக்கவில்லை.

நீலச் சட்டை போட்ட பையன் ஒருவன் வந்தான். குறையில்லை என்று எழுதிக் கொடுத்தவன் அவன்தான். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தான். அவளுடைய ஜன்னலைத் தட்டினான். அவள் அதை இறக்கினாள். வெளிக்காற்று முகத்தில் அடித்தது. சிவப்பு மனிதன் சிமிட்டினான். அவள் பக்கிளிலிருந்து கையை எடுத்தாள்.

பையன் குனிந்தான். அவன் கண் பழக்கத்தில் டேஷ்போர்டுக்குப் போனது. விரலை நீட்டினான்.

"மேடம், பெல்ட் லகாவோ" என்றான். பெல்ட் போடச் சொல்கிறான்.

முரளி பேச வாயெடுத்தார். ஆக்னஸ் கையை நீட்டி அவரைத் தடுத்தாள்.

பையனின் விரல் அப்படியே நின்றது. கண் மட்டும் விளக்கிலிருந்து அவள் தோளுக்கு வந்தது. தோளிலிருந்து குறுக்கே பெல்ட்டோடு இறங்கி, இடுப்பருகே பக்கிளில் போய் நின்றது. மறுபடி விளக்குக்குப் போனது. அவன் கையை உள்ளே விட்டு நாக்கை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. நன்றாக மாட்டியிருந்தது.

நிமிர்ந்து, உள்ளே பார்த்து யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டான். வண்டிக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னான். கூடவே போனை எடுத்து, விளக்கும் பெல்ட்டும் ஒரே படத்தில் விழும்படி பிடித்தான்.

முரளி சீட்டில் சரிந்து உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "முடிஞ்சுதுங்க மேடம். முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே ஏசிப் பொத்தானுக்குக் கையை நீட்டினார்.

"இன்னும் நக்கோ சார்" என்றாள் ஆக்னஸ். "எழுதிக் குடுக்கட்டும்."